படகேறும் காலுக்கு ஏற்ற காலணி

காட்டுப்பாக்கத்தில் குடியிருப்பவர்கள் பாய்மரப் படகுக்கான காலணியைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசக அன்பர்களுக்குச் சிரிப்பு வருவது இயற்கையே. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி, கிழக்கே போரூர் ஏரி. இரண்டும் ஊருக்குக் குடிநீர் தருபவை, பாய் விரிப்பதற்கு உரியவை அல்ல. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் இறங்கியபோது நகரத் தெருக்களுக்கு மீனவர்கள் படகோடு வந்து மக்களை ஏற்றிச் சென்றார்கள். அன்று படகேறியவர்களில் எவரும் காலில் என்ன அணிவது என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் சென்ற ஆண்டு கோடையில் நாங்கள் நால்வர் இதைப் பற்றியே யோசித்தோம், அலைந்தோம், எங்களில் ஒருவர் கையையும் உடைத்துக்கொண்டார். காரணம் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள். எட்டாம் வகுப்பு முடித்திருந்த அந்தப் பெண்ணுக்குக் கோடைப் பாய்மரப் பயிற்சி ஒன்றில் இடம் கிடைத்தது. கட்டணம் இல்லை. மிதவைச் சட்டை அங்கேயே தருவார்கள். கொண்டுவர வேண்டியவை என்று ஒரு தாள் வந்தது: தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர்ப் புட்டி, 'கறை படியாத அடிப்பாகம் கொண்ட டெக் ஷூ'. தந்தை கைபேசியில் அந்தப் பெயரைத் தேடியிருக்கிறார். முதலில் வந்த வெளிநாட்டுக் காலணியின் விலை ஒன்பதாயிரம். மறுநாள் எங்களிடம் வந்து, "சார், செருப்பே ஒன்பதாயிரம்னா கப்பல் எவ்வளவு இருக்கும்? வேணாம் சார், அது பெரிய இடத்துப் பிள்ளைங்க சமாச்சாரம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெண் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒன்பதாயிரத்தை மறுக்க எழுதப்படுகிறது. பாய்மரம் கற்கத் தொடங்கும் ஒருவருக்கு அந்த விலையில் காலணி தேவையே இல்லை என்பது எங்கள் கட்சி. அதே சமயம் காலணியே தேவையில்லை என்பாரோடும் நாங்கள் உடன்படவில்லை.

முதலில் இந்தப் பொருள் எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த பால் ஸ்பெர்ரி என்பவர் பாய்மரப் பித்து உள்ளவர். ஈரத் தட்டில் வழுக்கி விழுந்த அனுபவம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அவர் வளர்த்த நாய் பனிக்கட்டியின் மேல் வழுக்காமல் ஓடுவதைக் கண்டு, அதன் பாதத்தைப் புரட்டிப் பார்த்தாராம். அதில் நுண்ணிய வெடிப்புகள் இருந்தன. ரப்பரை எடுத்து மீன் எலும்புபோல் நெளிநெளியாகக் கத்தியால் கீறினார். 1935-இல் அந்தக் காலணி விற்பனைக்கு வந்தது. 1939-இல் அமெரிக்கக் கடற்படை தன் மாலுமிகளுக்கு அதைத் தேர்ந்தது. நாய்க் கதையில் எவ்வளவு பூச்சு என்பதை வாசகர் தம் விருப்பப்படி கழித்துக்கொள்ளலாம். கீறலின் வேலை மட்டும் உண்மை. ஈரத் தரைக்கும் காலணிக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் தங்குகிறது. நாம் வழுக்குவது அந்தப் படலத்தின் மேல்தான். கால் பதியும்போது கீறல்கள் விரிந்து, அவற்றின் விளிம்புகள் கார்க் கண்ணாடித் துடைப்பான்போல நீரை வழித்து ஒதுக்குகின்றன. ரப்பர் தரையைத் தொடுகிறது. மற்றபடி இந்தக் காலணியில் மந்திரம் ஒன்றுமில்லை.

அடிப்பாகம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதற்கும் எளிய விடை உண்டு. டயர் கறுப்பாக இருப்பது கரித்தூள் சேர்ப்பதால். அது ரப்பருக்கு உறுதி தருகிறது, தேயும்போது கோடும் போடுகிறது. தேய்த்துக் கழுவி வெளுத்த தேக்குத் தட்டில் கறுப்புக் கோடு விழுந்தால் படகுக்காரருக்கு ஆகாது. இன்றைய ஃபைபர் கிளாஸ் படகிலும் அந்தக் கோடு எளிதில் போகாது. கறுப்பு ரப்பர் எல்லாமே கோடு போடும் என்பதும் இல்லை. குளியலறையின் வெள்ளை ஓட்டில் அழுத்தி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைத் தமிழில் என்னவென்று அழைப்பது என்ற சர்ச்சை எங்களுக்குள் இரண்டு மாலைகளைத் தின்றது. (காலணி வாங்கப் போனவர்கள் சொல் தேடத் தொடங்கியதில் வியப்பென்ன.) 'தட்டுச் செருப்பு' என்றார் ஒருவர், தட்டு வேறு, செருப்பு வேறு என்று பொருள் பிரிந்து விபரீதமாகும் என்று விட்டுவிட்டோம். பெரும்பாணாற்றுப்படையில் வணிகர்கள் அணியும் காலணி அடியைப் புதைத்துக் காக்கும் அரணாகச் சொல்லப்படுகிறது. அழகிய கற்பனை, ஆனால் கடையில் போய்க் கேட்க முடியாது. அதே நூலில் ஆயர் குடியின் இளைஞன் ஒருவன் வருகிறான். செருப்பு உராய்ந்து உராய்ந்து வடு ஆழ்ந்துபோன பாதம் அவனுக்கு. செருப்புக் கடி நம் இலக்கியத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று எங்களில் ஒருவர் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் உள்ள கேள்வி பெரியது: நம் பாதத்துக்கு அளவெடுத்து எப்போதாவது காலணி செய்திருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்கு அடையாற்றில் பதில் தேடியிருக்கிறார்கள். 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது முடிவு. இங்கே விற்கும் காலணிகளோ ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எண்களையும் வார்ப்புகளையும் ஒட்டி வந்தவை. ஆகவே அகலத்துக்காக ஓர் எண் பெரிதாக வாங்குகிறோம், நீளம் மிஞ்சிக் குதிகால் ஆடுகிறது, ஆடுவதை நிறுத்தக் கயிற்றை இறுக்குகிறோம், புறங்கால் நோகிறது. 'பா' என்ற பெயரில் புதிய இந்திய அளவுமுறையை 2024-இல் முன்மொழிந்திருக்கிறார்கள். பாரதத்தின் முதலெழுத்தாம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் முன்பாதம் விரிந்து எடையைப் பரவலாகத் தாங்குகிறது என்பதை இந்தியர்களை வைத்தே பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009-இல் எழுதியிருக்கிறார்கள். தரையில் இதனால் வரும் தொல்லை கொப்புளம் மட்டுந்தான். படகில் குதிகால் ஆடும் காலணி ஆளையே தள்ளிவிடும்.

தள்ளியும் விட்டது. எங்களில் மூத்தவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பெண்ணைப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறவர் தாமும் முறையாகப் போக வேண்டும் என்று கருதி, பேரங்காடி ஒன்றில் தள்ளுபடியில் கிடந்த 'போட் ஷூ' ஒன்றை வாங்கினார். பழுப்புத் தோல், சுற்றிலும் ஓடும் தோல் கயிறு, வெள்ளை அடி. படத்தில் காணும் ஸ்பெர்ரி காலணியின் இரட்டைப் பிள்ளை. விலை ஆயிரத்து எண்ணூறு. படகைத் தண்ணீரில் இறக்கும் சாய்தளத்தில் மூன்றாவது அடி வைத்தார்; இடது மணிக்கட்டில் எலும்பு விட்டுவிட்டது, ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டுக்கு வந்து காலணியைப் புரட்டிப் பார்த்தோம். நெளி வரிகள் இருந்தன. ஆனால் அவை கீறல்கள் அல்ல, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அச்சாக வார்த்த கோலம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, வளைத்தால் வரி விரியவில்லை. பாசிபடிந்த சாய்தளத்தில் எந்தக் காலணியும் முழு உத்தரவாதம் தராது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் 1980-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மோஸ்தராகிப்போன இந்தக் காலணியின் தோற்றம் மட்டும் உலகெங்கும் விற்கப்படுகிறது, அதன் வேலை விற்கப்படுவதில்லை. பெயரை நம்பி வாங்குகிறவர் பெயரளவில்தான் பாதுகாப்பாக இருக்கிறார்.

சாய்தளத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரங்களில் அது வருவதே இல்லை. தொடக்கப் பயிற்சியில் குழந்தைகள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட் என்னும் சிறு படகு, நீளம் 2.3 மீட்டர், 15 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. அதில் 'தட்டு' என்று நடமாட இடம் ஏது? பிள்ளை உட்கார்ந்தே இருக்கிறாள். காற்று வலுக்கும்போது படகுக்குள் ஓடும் நாடாவில் புறங்காலை மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே சாய்க்கிறாள். ஆகவே தோலில் தைத்த புகழ்பெற்ற டெக் ஷூ இந்தப் படகுக்கு உரியதே அன்று. அது நின்று நடந்து கயிறிழுக்கும் பெரிய படகுகளுக்கானது. ஒலிம்பிக்கில் சிறு படகு ஓட்டுபவர்கள் பெரும்பாலும் நியோபிரீன் என்ற நுரை ரப்பரால் ஆன, கணுக்காலை மூடும் மெல்லிய காலணியைத்தான் அணிகிறார்கள். சிறு படகில் காலணி செய்ய வேண்டியவை இரண்டு: நாடா உராய்ந்து புறங்கால் தோல் உரியாமல் காப்பது, கரையில் பாசியிலும், கல்லில் ஒட்டி வளரும் கொட்டலசின் கத்தி விளிம்பிலும் கால் கிழியாமல் காப்பது. இவ்விரண்டுக்கும் ஒன்பதாயிரம் எதற்கு?

நாங்கள் கண்ட மாற்று ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டு வகுப்புக்கு அணியும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. மேலைநாட்டிலும் தொடக்கம் இதுதான். துணி மேற்புறமும் ரப்பர் அடியுமாக இங்கிலாந்தில் விற்ற இந்தக் காலணிக்கு 1870-களில் 'பிளிம்சால்' என்று பெயர் விழுந்தது. கப்பலில் இதற்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று கோடு போட வைத்த நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சாலின் பெயர் அது. சட்டம் வந்தது 1876-இல். துணியும் அடியும் சேருமிடத்தில் ஓடும் பட்டை கப்பலின் அந்தக் கோடுபோல் இருக்கிறதாம், தண்ணீர் அதைத் தாண்டினால் கால் நனையும். கப்பற்கோட்டின் பெயர் தாங்கிய காலணியை நம் பிள்ளைகள் புதன்கிழமைதோறும் சுண்ணப்பூச்சுத் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போனது எங்களுக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்று பேட்மின்டன் காலணி. புறநகரில் இப்போது தெருவுக்கொன்று என உள்ளரங்குகள் முளைத்திருக்கின்றன, எல்லாவற்றிலும் 'நான் மார்க்கிங்' காலணி கட்டாயம். மென் ரப்பர் அடி. உலர்ந்த தரையை நன்றாகப் பிடிக்கும், ஈரத்தில் சுமார். அதன் குறை பஞ்சுத் திணிப்பு: ஒரு முறை நனைந்தால் இரண்டு நாள் காயாது, காய்ந்தபின் வரும் வாசனையை வருணிக்க விரும்பவில்லை. ஹவாய்ச் செருப்பைப் படகுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வார் அறுந்தால் செருப்பு கடலுக்கு, ஆளும் பின்னாலேயே.

கடைக்குப் போகும்போது மாலையில் போவது நல்லது, அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். போட்டு நின்று, நுனிக்காலில் எழும்பிக் குதிகால் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். துணி இளகாது, ஆகவே கடையில் இறுகினால் கடலிலும் இறுகும். தோல் சிறிது இளகும். கயிற்றுத் துளை வளையங்கள் இரும்பாக இருந்தால் ஒரே மாதத்தில் துரு வழியும். பித்தளை தாங்கும், வளையமே இல்லாதது இன்னும் நல்லது. அடியைப் பசையால் மட்டும் ஒட்டியிருக்கிறார்களா, தைத்திருக்கிறார்களா என்பதை விரலால் விளிம்பைப் பிரித்துப் பார்க்கலாம், கடைக்காரர் முறைத்தாலும் பாதகமில்லை. கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். உப்பு உள்ளே பூத்துவிட்டால் தோல் விறைக்கும், துணி முரடாகும்.

எங்கள் குழுவில் எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து எங்கள் ஊரில் குடியேறிய நண்பர் ஒருவர் உண்டு. இவ்வளவும் கேட்டுவிட்டு, "எங்கப்பா கட்டுமரத்துல செருப்பு போட்டு நான் பார்த்ததில்லை" என்றார். அவர் வாதத்தை ஒதுக்க முடியாது. உலகமே 'கட்டமரான்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் சொல் நம்முடையது. காற்றைத் தம் ஏவலுக்கு உட்படுத்தி நாவாய் ஓட்டியவரின் வழிவந்தவன் என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த மாலுமிகளின் காலில் என்ன இருந்திருக்கும்? வெறும் விரல்கள்தாம். ஆனால் கட்டுமரம் வேறு பொருள். தண்ணீர் இடுக்கு வழியே ஏறி இறங்கும், சொரசொரப்பான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. விரலால் விளிம்பைப் பற்றலாம், பிறந்தது முதல் பழகிய கால் அதற்கேற்பக் காய்த்திருக்கும். ஃபைபர் படகின் வழவழப்பில் பற்ற ஒன்றுமில்லை. 2004 சுனாமிக்குப் பின் கட்டுமரங்கள் பல போய் ஃபைபர் படகுகள் வந்தன. நண்பரே பின்னர் சொன்னார்: அவர் அண்ணனுக்குத் தூண்டில் முள் ஏறி ஒரு கால்விரல் போயிற்று. வெறுங்காலைப் புகழ்பவர்கள் அந்த விரலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

இனி எங்களை உண்மையில் வருத்திய விஷயம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுதும் தோலும் காலணியும் செய்யும் ஊர்கள். அங்கே தைத்த காலணிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. இந்தத் தொழிலுக்குப் பாலாறு என்ன விலை கொடுத்தது என்பது வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். செய்யாற்றிலும் பெரம்பலூரிலும் இன்று தோலல்லாத காலணிகளும் வெளிநாட்டுப் பெயர்களில் தயாராகின்றன. காலணி வடிவமைப்பைக் கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனத்தின் வளாகம் இருங்காட்டுக்கோட்டையில், எங்கள் வீட்டிலிருந்து அரைமணிப் பயணத்தில் இருக்கிறது. பாதத்தை அளந்தவர்கள் அடையாற்றில். ஆம்பூரிலிருந்து சென்னைக்கு வரும் நெடுஞ்சாலை பூந்தமல்லியை ஒட்டித்தான் வருகிறது. இத்தனையும் ஒரு வட்டத்துக்குள் இருக்க, அகலப் பாதத்துக்கு ஏற்ற, கீறல் அடியுள்ள, உப்புத் தாங்கும் துணிக்காலணி ஒன்று எண்ணூறு ரூபாய்க்கு நாங்கள் அலைந்த கடைகளில் கிடைக்கவில்லை. வாங்க ஆளில்லை என்பார்கள். பாய்மரம் ஓட்டுவோர் குறைவுதான். ஆனால் ஈரத்தில் வழுக்காத, கால் அகலத்துக்குப் பொருந்திய காலணி வேண்டுவோர் பாய்மரக்காரர் மட்டுமா? மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமப்பவர், மீன் அங்காடியில் நிற்கும் பெண்கள், ஓட்டல் பின்கட்டில் பாத்திரம் கழுவுபவர் என்று கணக்கெடுத்தால் எண்ணிக்கை படகுகளோடு நிற்காது.

பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று அந்தத் தந்தை சொன்னதும் வெறும் கற்பனை அல்ல. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தோன்றியபோது அது யாருக்கானது என்று விளக்க வேண்டியதில்லை. இன்று நிலைமை அப்படியே இல்லை. சென்னையைச் சேர்ந்த கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார்கள். பாய்மரத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைப் பெண். டோக்கியோவுக்கும் பின்னர் 2024-இல் பாரிசுக்கும் அவரோடு சென்ற விஷ்ணு சரவணன் இராணுவத்தில் பணிபுரிபவர். வாசல் சிறிது திறந்திருக்கிறது. ஒரு தாளில் எழுதிய காலணிப் பெயர் அதை மறுபடி சாத்திவிடக் கூடாது. பயிற்சி தருபவர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது: 'டெக் ஷூ' என்று எழுதும் இடத்தில், 'கோடு போடாத ரப்பர் அடியுள்ள துணி ஷூ எதுவானாலும் போதும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாங்கள் நேரில் கேட்டபோது பயிற்சியாளரும் அதையேதான் சொன்னார். ஆனால் கேட்கத் துணியாமல் தாளைப் பார்த்ததும் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்?

பெண்ணுக்குக் கடைசியில் வாங்கியது வெள்ளைக் கேன்வாஸ் ஷூதான், நானூற்று ஐம்பது ரூபாய். மூன்றாம் வாரம் பெருவிரல் பக்கம் அடி பிரிந்தது. குமணன்சாவடிச் சாலையோரத்தில் அமர்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனோம். சுற்றிலும் நைலான் நூலால் தைத்தார். "தினமும் தண்ணியில ஊற வைக்கிறீங்களாம்மா?" என்று அவளைக் கேட்டார். அவள் கைபேசியில் நெளிக்கீறல் படத்தைக் காட்டி, இதுபோல் போட முடியுமா என்றாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், அடியை வளைத்து ரப்பரின் கனத்தை விரலால் அளந்தார், ஆழமாக இறக்கினால் வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டு, முன்பாதத்திலும் குதிகாலிலும் மட்டும் இலேசாகக் கீறித் தந்தார். கீறியதற்குத் தனியாகக் காசு வேண்டாம் என்றார்.

பயிற்சி முடியும்வரை அந்த ஷூ தாங்கியது. இந்தக் கோடைக்கும் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கால் ஓர் எண் வளர்ந்துவிட்டது, மறுபடி கடைக்குப் போக வேண்டும். மணிக்கட்டு சேர்ந்துவிட்ட எங்கள் மூத்தவரும் உடன் வருவதாகச் சொல்கிறார். சாய்தளம் வரை மட்டும்.